தொப்பிக்குள் ஒரு ஊசி முனை

ஆஸ்திரேலியாவில் தொப்பி போடாத பிள்ளையை விளையாட விடமாட்டார்கள். மணி அடித்ததும் மற்ற பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடும். தொப்பியை வீட்டில் மறந்துவிட்டு வந்த பிள்ளை நிழலில் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் அது சட்டமாம். நான் அந்த நாட்டைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளின் தலை அளவு எனக்கு மனப்பாடம். ஐம்பது சென்டிமீட்டர், ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில், வெளிநாட்டுக்குத் துணி தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் ஃபைனல் செக்கிங் சூப்பர்வைசர் நான். பெட்டிக்குள் போகிற ஒவ்வொரு உருப்படியும் என் கண்ணைத் தாண்டித்தான் போகும். அப்படித்தான் பேர்.

பதினான்கு வருஷம் அவர்கள் துணியைத் தடவித் தடவியே அந்த ஜனங்களைப் பற்றி ஏதோ கொஞ்சம் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு ஆர்டரோடும் அளவுத்தாள் வரும், கூடவே அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறவர்களின் படமும் வரும். ஆரஞ்சுச் சட்டையில் மினுமினுக்கிற பட்டை வைத்துத் தைப்போம். ரோடு போடுகிற ஆளுக்கான சட்டை. படத்தில் பார்த்தால் அந்த ஆள் அதே சட்டையோடு பேங்கில் நிற்கிறான், அதே சட்டையோடு குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறான். இங்கே எங்கள் தெருவில் லேத் பட்டறைக்குப் போகிறவர் சாயங்காலம் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்ச் சட்டையைப் பையில் திணித்து, இஸ்திரி போட்டதை மாட்டிக்கொண்டுதான் கள்ளிக்குப்பம் பஸ்ஸில் ஏறுவார். அழுக்குச் சட்டையோடு யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும் அவருக்கு.

அங்கே பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர்களே அரை டவுசரில் கடைக்குப் போகிறார்கள். செருப்புக்கூட இல்லாமல் போகிறவர்கள் உண்டு, யாரும் ஏன் என்று கேட்பதில்லையாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மட்டும் கோட்டு, டை, முழங்கால்வரை சாக்ஸ், எல்லாம் வேண்டும். பிள்ளைகளைப் பெரியவர்கள் மாதிரி உடுத்தச் சொல்லிவிட்டு, பெரியவர்கள் பிள்ளைகள் மாதிரித் திரிகிறார்கள் என்று நான் செக்கிங் டேபிளில் சொல்லிச் சிரிப்பேன். அப்புறம் குதிரைப் பந்தயம் என்று ஒரு நாள் வரும். அன்றைக்கு அத்தனை பேரும் கோட்டும் கவுனும் போட்டு, பெண்கள் தலையில் இறகு வைத்த தொப்பி குத்திக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரிப் போய் நிற்பார்களாம். அந்த கவுன்களும் எங்களிடம் வந்திருக்கின்றன. கையில் எடுக்கவே கூசும், அவ்வளவு மெல்லிசு.

இதெல்லாம் வேடிக்கை. பயம் வேறு விஷயம். எங்கள் தொழிலில் மேனேஜர் முதல் கூட்டுகிறவர்வரை பயப்படுவது உடைந்த ஊசிக்குத்தான்.

மெஷினில் ஊசி உடைந்தால் டெய்லர் உடனே கையைத் தூக்கணும். துண்டுகளைப் பொறுக்கி ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டணும். சேர்த்து வைத்தால் முழு ஊசி நீளம் வரணும், வந்தால்தான் புது ஊசி தருவார்கள். கடுகளவு குறைந்தால் அந்த மெஷினைச் சுற்றி இருக்கிற உருப்படி மொத்தத்தையும் ஒதுக்கி, காந்தம் வைத்துத் தேடணும். கிடைக்காவிட்டால் அத்தனையையும் வெட்டிப் போட்டுவிட வேண்டியதுதான். இதையும் தாண்டி, கடைசியில் எல்லா உருப்படியும் மெட்டல் டிடெக்டரில் போகும். பெல்ட்டில் வைத்தால் உள்ளே போய் அந்தப் பக்கம் வரும். இரும்பு இருந்தால் கத்திக்கொண்டு நின்றுவிடும். கத்தாமல் வந்தது என்று நான் கையெழுத்துப் போடுவேன். அதற்கு அப்புறம் சோதனை கிடையாது. நேரே ஏதோ ஒரு குழந்தையின் உடம்புதான்.

அந்த வருஷம் புரட்டாசியில் தொப்பி ஆர்டர் வந்தது. மூவாயிரம் தொப்பி. கருநீலம், சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு விளிம்பு, உள்ளே நெற்றியில் படுகிற இடத்தில் வேர்வைக்கு ஒரு மெத்துப் பட்டை. தாடைக்குக் கீழே கட்ட ஒரு கயிறு. அந்தக் கயிற்றில் ஒரு கிளிப், இழுத்தால் பட்டென்று விட்டுக்கொள்ளும். சறுக்கு மரத்தில் மாட்டிக்கொண்டால் பிள்ளையின் கழுத்தை இறுக்கிவிடக் கூடாதாம். இந்த அளவுக்கு யோசிக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். என் மகள் ஆறாவது படித்தாள் அப்போது. காலையில் பிரேயருக்கு வெறுந்தலையோடு வெயிலில் முக்கால் மணி நேரம் நிற்பாள், மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளிப்பார்கள்.

தொப்பிக்குக் காற்றுப் போக இரண்டு பக்கமும் பித்தளையில் வளையம் அடிப்போம். பித்தளைக்கு டிடெக்டர் கத்தாது. அந்தத் தடவை வந்த வளையத்தில் எவனோ இரும்பைக் கலந்து, மேலே பித்தளைப் பூச்சு பூசிக் கொடுத்துவிட்டான். அது எங்களுக்குத் தெரிந்ததே கடைசியில்தான். தைத்து, அடித்து முடித்த தொப்பியை பெல்ட்டில் வைத்தால் ஒவ்வொன்றும் கத்துகிறது. நல்லதும் கத்துகிறது, கெட்டதும் கத்துகிறது. எப்படிப் பிரிப்பது?

மேனேஜர் வந்து பார்த்தார். கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன், கப்பல் தேதி கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு மெஷினின் காதைக் குறைக்கச் சொன்னார். வளையத்துக்குக் கத்தாத அளவுக்குக் குறைத்தார்கள். வளையத்துக்கே கத்தாத மெஷின் ஊசி முனைக்கு எப்படிக் கத்தும்? எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர் என்னைப் பார்த்து, “ரிஜிஸ்டர்ல எல்லா ஊசியும் முழுசா இருக்குல்லம்மா, அப்புறம் என்ன” என்றார். நானும் ஆமாம் சார் என்று மூவாயிரத்துக்கும் கையெழுத்துப் போட்டேன். எனக்கு வாய் நீளம் என்று ஃப்ளோர் முழுக்கச் சொல்வார்கள். வேண்டிய நேரத்தில் அந்த வாய் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது.

மறுநாள் டீ நேரத்தில், கை கழுவுகிற குழாயண்டை பட்டை தைக்கிற டெய்லர் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். பாரிவாக்கத்துக்காரி. என் வயசுதான் இருக்கும், ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் தையலில் குறை என்று நான் ஒரு தொப்பியைத் திருப்பி அனுப்பியதே இல்லை. பேச்சும் அதிகம் கிடையாது. அன்றைக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது.

“யக்கா, ஒண்ணு சொல்லணும். கத்தாத” என்றாள்.

“சொல்லு.”

“முந்தாநாள் என் மெசின்ல ஊசி ஒடஞ்சிச்சில்ல. முனை கெடைக்கலக்கா. மண்டி போட்டு தேடிகினே இருந்தேன். இந்த மாசத்துல மூணாவது ஊசி. அடுத்த தபா ஒடச்சா ஊட்டுக்குப் போன்னு லைன் சூப்பர்வைசர் ஏற்கெனவே சொல்லிகினு இருந்தாரு. பயத்துல பழைய பக்கத்துல ஒட்டியிருந்த முனைய பிச்சி இதுல ஒட்டிட்டேன்.”

“அப்ப முனை எங்கே?”

“தெர்லக்கா. தரையில வுழுந்து பெருக்கினு போயிருக்கலாம். இல்லன்னா தொப்பில கீது. பட்டைக்குள்ள.”

குழாயை மூட மறந்து நின்றேன். மூவாயிரம் தொப்பியும் டேப் ஒட்டி அட்டைப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. பட்டை எங்கே படும்? நெற்றியில். பட்டைக்குள் ஒரு முனை இருந்தால் முதல் நாள் தெரியாது. மெத்துக்குள் புதைந்து கிடக்கும். பிள்ளை ஓடும், வேர்க்கும், தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போடும், அம்மா துவைத்துக் காயப்போடுவாள். ஒரு நாள் பந்து வந்து அடிக்கும். இல்லை இன்னொரு பிள்ளை விளையாட்டுக்குத் தொப்பியைப் பிடித்துக் கண்ணுக்குக் கீழே இழுத்துவிடும். அதுவும் தொப்பி இல்லாமல் விடமாட்டோம் என்கிற ஊர். அந்தப் பிள்ளைக்கு அதைக் கழற்றி வீசக்கூட வழியில்லை. இவ்வளவும் எனக்கு அந்தக் குழாயண்டையே தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இதை வெளியே சொன்னால் டிடெக்டர் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். டிடெக்டர் தாளில் என் கையெழுத்து.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“உன்னாண்டதான் மொதல்ல சொல்றேன்.”

“இனிமே யார்கிட்டயும் சொல்லாதே. தரையிலதான் விழுந்திருக்கும். வாயை மூடிக்கிட்டுப் போய் உக்காரு.”

அவள் ஏதோ சொல்ல வந்தாள். “போடி” என்றேன். போய்விட்டாள்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தரையில்தான் விழுந்திருக்கும், தரையில்தான் விழுந்திருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை மகளுக்குத் தலை வாரினேன். சீப்பு நெற்றியில் பட்டபோது என் கை தானாக நின்றுவிட்டது. “இன்னாம்மா, வாரு, நேரமாவுது” என்கிறாள் அவள். நான் நெற்றியைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பைத்தியக்காரி மாதிரி.

அந்த நாள்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருகிற நாள். ஏற்றுவதற்கு முன்னால் பெட்டியைப் பிரித்துப் பார்க்க ஒரு மேடம் நேரிலேயே வருகிறார்கள் என்று பத்து நாளாக அமளி. வெளிநாட்டிலிருந்து பெரிய இடத்து ஆள் வந்தால் நாங்கள் எப்படி நிற்போம்? மேனேஜர் கோட்டும் டையும் போட்டு, காலை ஒன்பது மணிக்கே வேர்வையில் ஊறிப்போயிருந்தார். நான் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. பயத்தை மறைக்கக் கூடுதலாக இரண்டு முழம் வைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். வாசலில் தட்டில் சந்தனம், ரோஜா, எல்லாம் தயார்.

அந்த அம்மாள் கார் கதவைத் திறந்து இறங்கினார்கள். முழங்கால்வரை காட்டன் டவுசர், கையை மடித்துவிட்ட கசங்கின சட்டை, காலில் ரப்பர் செருப்பு. அறுபது வயசு இருக்கும். வாட்ச்மேன், பின்னால் இன்னொருவர் இறங்குவார் என்று காரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்னிடம் மெதுவாக, “இன்னாம்மா இது, ஊட்ல கீற மாதிரியே வந்துட்டாங்க” என்றார். வேறு நாளாக இருந்தால் நான் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்றைக்கு உதடு பிரியவில்லை. எனக்கு அவர்களைப் பார்த்தாலே பயமாக இருந்தது. பகட்டாக வருகிறவர்களைச் சமாளித்துவிடலாம். காபி, சால்வை, போட்டோ என்று பொழுது போய்விடும். இந்த அம்மாள் வேலை செய்கிற உடுப்பில் வந்திருந்தார்கள். மேனேஜரின் கோட்டைப் பார்த்து, இந்த வெயிலில் ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறீர்கள், கழற்றுங்கள் என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே கழற்றாமல் இருந்தார்.

நேரே பெட்டிகளுக்கு வந்தார்கள். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, சிமெண்ட் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். பத்துப் பெட்டியைக் கைகாட்டிப் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொரு தொப்பியாக எடுத்துத் தையலை எண்ணி, கயிற்றை இழுத்து, கிளிப் விட்டுக்கொள்கிறதா என்று பார்த்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்து எடுத்துக் கொடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. அவர்கள் நிறுத்தி நிறுத்திப் பேசியதால் புரிந்தது. புருவத்துக்கு மேலே ஒரு தழும்பைக் காட்டினார்கள், தோலை ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெட்டி எடுத்த தழும்பு. வெயில் கொடுத்த புற்றுநோயாம். சின்ன வயதில் தொப்பி இல்லாமல் கடற்கரையில் கிடந்ததற்கு இது என்றார்கள். அவர்கள் தெருவில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு தழும்பு உண்டாம். அதனால்தான் பிள்ளைகள் விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு. வெயில் என்றால் எங்களுக்குப் பயம் என்று அந்த அம்மாள் சாதாரணமாகச் சொன்னார்கள்.

நான் தலையை ஆட்டினேன். வெயிலுக்குப் பயந்து நீங்கள் போட்டுவிடுகிற தொப்பிக்குள் நான் எதை வைத்து அனுப்புகிறேன் தெரியுமா என்று உள்ளுக்குள் ஓடுகிறது. இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று மனசு அடித்துக்கொள்கிறது. சொல்லவில்லை. ஒரு மணி நேரம் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் சொல்லவில்லை. பத்துப் பெட்டியும் சரி என்றார்கள். மேனேஜர் என்னைப் பார்த்து மூச்சு விட்டார். நானும் விட்டேன். உண்மையைச் சொல்லணும், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்புறம் லாரி நிற்கிற இடத்தைப் பார்க்கணும் என்றார்கள். ஃப்ளோரிலிருந்து லோடிங் மேடைக்கு வெட்டவெளியில் ஐம்பதடி நடக்கணும். மணி பன்னிரண்டரை. புரட்டாசி வெயில் கண்ணைக் கூசுகிறது. எங்களுக்கு அது ஒரு வெயிலா, நாங்கள் பாட்டுக்கு இறங்கிவிட்டோம். அந்த அம்மாள் வாசற்படியில் நின்றுவிட்டார்கள். அவர்கள் தொப்பி காரில் இருந்தது, கார் சாப்பாடு வாங்கப் போயிருந்தது. வெறுந்தலையோடு அவர்களால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. கொஞ்சம் இரு என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே திரும்பி, பிரித்து வைத்திருந்த பெட்டியிலிருந்து பெரிய அளவுத் தொப்பி ஒன்றை எடுத்துத் தலையில் வைத்தார்கள். பிள்ளைகள் தொப்பி, பெரியவர் தலைக்குப் பத்தாது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். பட்டை நெற்றியில் இறுகுகிறது. அந்தத் தழும்புக்கு மேலேயே இறுகுகிறது. இன்னும் கொஞ்சம் இழுக்கிறார்கள்.

என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியாது. பாய்ந்து போய் அந்தத் தொப்பியைப் பிடுங்கிவிட்டேன். முடியோடு சேர்த்து இழுத்திருக்கிறேன், அவர்கள் ஆவென்று தலையைப் பிடித்துக்கொண்டார்கள். என் பூ அவிழ்ந்து தோளில் தொங்குகிறது. தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறேன். ஃப்ளோரில் ஒவ்வொரு மெஷினாக நின்றது. மேனேஜர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார்.

“நீடில் மேடம்” என்றேன். “உள்ளே நீடில்.” வேறு வார்த்தை வரவில்லை. அழுகை வந்தது.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. என் தோளில் கை வைத்து உட்காரச் சொன்னார்கள். மேனேஜர்தான் பாய்ந்தார். “உனக்கு எப்படித் தெரியும்? எப்ப தெரிஞ்சுது?”

எப்ப தெரிஞ்சுது. அந்தக் கேள்விதான். நேற்று டீ நேரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஃப்ளோருக்கு நடுவில் பாரிவாக்கத்துக்காரி எழுந்து நிற்பது தெரிந்தது. என் வாயிலிருந்து வந்தது வேறு. “இன்னைக்குக் காலையில ரிஜிஸ்டரைப் பார்த்தேன் சார். ஒரு முனை மட்டும் பிச்சி ஒட்டின மாதிரி இருந்துச்சு. சந்தேகமா இருந்துச்சு” என்றேன்.

ரிஜிஸ்டர் வந்தது. அந்த அம்மாள் டேப்பைப் பிரித்து, முனையை ஊசியோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். முனை கொஞ்சம் தடிமன், வேறு நம்பர் ஊசி. பக்கத்திலேயே டெய்லரின் பெயர் எழுதியிருந்தது. கூப்பிட்டார்கள். வந்து நின்றாள். ஆமா சார், நான்தான் மாத்தி ஒட்டினேன் என்று சொன்னாள்.

“வேற யாருக்காவது தெரியுமா?” என்றார் மேனேஜர்.

அவள் என்னைப் பார்த்தாள். நேற்று எனக்கு இருந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அந்த நொடியில் தோன்றியது.

“யாருக்கும் தெரியாது சார்” என்றாள்.

டிடெக்டர் ஏன் பிடிக்கவில்லை என்று அந்த அம்மாள் கேட்டார்கள். வளையத்தில் இரும்பு கலந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் இருந்தோம் என்று மேனேஜர் பதமாகச் சொன்னார். மெஷினின் காதைக் குறைத்ததைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட்ட தாளை யாரும் எடுத்து நீட்டவில்லை. அந்த அம்மாள் போய்ப் பார்ப்பதற்குள் மெக்கானிக் அதைச் சரியாக்கிவிட்டிருந்தான்.

மூவாயிரம் தொப்பியையும் பிரித்தோம். முப்பது பெண்கள், இரண்டு நாள். பட்டையைப் பிரித்துத் திருப்பி, காந்தத்தால் ஒற்றி, விரலால் தடவணும். அந்த அம்மாள் ஊருக்குப் போகிற டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு, அதே டவுசரோடு எங்களோடு தரையில் உட்கார்ந்து பிரித்தார்கள். நூல் தூசி டவுசரெல்லாம் ஒட்டியிருந்தது. நான் ஒவ்வொரு தொப்பியையும் தொடுகிறபோது கிடைத்துவிடணும் என்றும் வேண்டிக்கொண்டேன், கிடைக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் என் கட்டை விரலில் சுருக்கென்றது. ஐம்பது சென்டிமீட்டர் தொப்பி, இருப்பதிலேயே சின்னது. முதல் வகுப்பில் சேர்கிற குழந்தைக்கு உள்ளது. முனை தரையில் விழவில்லை. மெத்துக்குள் படுத்து, கூர் உள்பக்கம் பார்த்திருந்தது. நடு நெற்றி வருகிற இடம். என் விரலில் ஒரு பொட்டு ரத்தம்.

சாயங்காலம் அந்த அம்மாள் எல்லாரையும் கூட்டி நிறுத்தினார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். மேனேஜர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். வேலை போய்விடுமே என்று பயப்படாமல் இந்தப் பெண் உண்மையைச் சொன்னார், எங்கள் ஊரில் ஒரு குழந்தை இவரால் பிழைத்தது என்று. எல்லாரும் கை தட்டினார்கள். அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் பட்டை தைக்கிற லைனைப் பார்க்காமல் இருக்கத்தான் குனிந்தேன்.

அவளை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். டைம் ஆபீஸில் கத்திரியையும் அடையாள அட்டையையும் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பையோடு கேட்டுக்கு வந்தாள். வேலைக்கான நீலக் கோட்டைக் கழற்றிக் கொடுத்திருந்தாள், உள்ளே போட்டிருந்த நைந்த சுடிதாரை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் கேட்டண்டை காத்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்லலாம் என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“என்னைக் காட்டிக்கொடுக்காம இருந்தியே” என்றேன்.

“நீயும் போயி இன்னா ஆவப் போவுது. ஒருத்தி போனா போதாதா” என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் ஏதாவது வேலை பார்த்துச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று என்னென்னவோ பேசினேன். ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தவள் திரும்பினாள்.

“யக்கா, ஒண்ணு கேக்கட்டா. அன்னிக்கி உன்னாண்ட வந்து நான் இன்னாத்துக்குச் சொன்னேன்னு நெனச்ச?”

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

“எனக்கு எழுந்து சொல்ற தைரியம் இல்லக்கா. உன்னாண்ட சொன்னா நீ லாரிய நிறுத்திருவேன்னுதான் சொன்னேன்.”

ஆட்டோ கிளம்பிவிட்டது. உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். சரி பார்த்து முடித்த வேறொரு ஆர்டர், ஆரஞ்சுச் சட்டைகள், லாரியில் ஏறி நின்றன. டிடெக்டர் தாளை நீட்டினார்கள். கட்டை விரலில் பிளாஸ்திரி இருந்ததால் பேனாவைப் பிடிக்கச் சிரமமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.